கெசையா தின்ற பன்றிக்கறி

"கேட்டா, விடுதியில ஆப்பிள்தான் தின்னேன்னு சொல்லித் தொலையேன்டி!" என்று கெசையாவின் காதைக் கடித்தான் அவள் கணவன் ஆசா. "வெளியே தள்ளிட்டா இந்தப் பனியில பிள்ளைங்களோட எங்கே போறது?"

"வயிறும் என்னோடது, வாயும் என்னோடது. பொய் மட்டும் எதுக்கு ஊருக்காகச் சொல்லணும்?"

மாசசூசெட்ஸில் அந்தக் கூட்டுப் பண்ணையைத் தொடங்கியவர்கள், 'அவரவர் மனசாட்சியே அவரவருக்கு வேதம்' என்று பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். கூடவே ஒரு சட்டமும் போட்டிருந்தார்கள்: இறைச்சி தின்றவருக்குப் பண்ணையில் இடமில்லை.

இரவுச் சாப்பாட்டு மேசையில் தலைவர் லெமுவேல் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, ஊருக்குள்ள விடுதிக்குப் போனியாமே? வண்டிக்காரன் சொன்னான்."

"போனேன் அண்ணே. பன்றிக்கறி தின்னேன். வாரா வாரம் திங்கிறேன். என் உடம்பு கேட்குது, இனியும் தின்பேன்."

ஆசா கண்ணை மூடிக்கொண்டான்.

"இவளை அனுப்பிடலாம்கிறவங்க கை தூக்குங்க" என்றார் லெமுவேல்.

ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் தத்தம் தட்டிலிருந்த அவித்த கிழங்கையே உற்றுப் பார்த்தார்கள்.

கடைசியில் தபித்தா அக்காதான் வாயைத் திறந்தாள். "விடுதிக்காரன் தொட்டுக்கக் கடுகு விழுது தந்தானா? எனக்குத் தரவே மாட்டேங்குறான்."

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான் ஆசா.

மேசை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. லெமுவேல் அசடு வழிந்தார்.

"நானும் ஆறு மாசமாப் போறேன், தங்கச்சி. உன்னை ஒருநாளும் அங்கே பார்த்ததில்லையே!"

கெசையா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் முன்வாசல் வழியாப் போறேன், அண்ணே."