வந்துகொண்டிருப்பவர்

வாடகைக் கார் செயலிக்குத் திரை வடிவமைத்தபோது, ஓட்டுநரின் படம் வந்து சேரும்வரை கட்டம் வெறுமையாக இருக்க வேண்டாமென்று, சுகிர்தா தன் அண்ணன் ஜெயந்தனின் படத்தை மாதிரிக்குப் போட்டுவைத்தாள். அவன் விபத்தில் இறந்த பிறகு கணினியிலும் இணையதளத்திலும் அழுதுகொண்டே அதை நீக்கினாள். கைப்பேசிச் செயலியில் நீக்க மறந்துபோனாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், சிக்னல் கிடைக்காத பாலத்தடியில், பக்கத்தில் ஒதுங்கி நின்ற பெண் தன் கைப்பேசியை அவளிடம் நீட்டினாள். "டிரைவர் வந்துட்டே இருக்காருன்னு காட்டுதுங்க, ஆளையே காணோம். இவரு வருவாரா மாட்டாரா?" திரையில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். சுகிர்தா குனிந்து திரையையே உற்றுப் பார்த்தாள். "என்னங்க, உங்களுக்குத் தெரிஞ்சவரா?" சுகிர்தா மழையில் நனைந்தபடி நடுச்சாலைக்கே போய், வருகிற ஒவ்வொரு காருக்குள்ளும் எட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.