தோப்புக்குள் கேட்ட குருவி

கந்தவேலைப் பார்க்கப் பார்க்க ஜெயப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மோகனூர்க் காவிரிக்கரைக்குப் பறவை பார்க்க வந்த கூட்டம் அது. விடிந்ததிலிருந்து நாரை, மீன்கொத்தி, மயில் என்று கண்ணுக்கு விருந்துதான். இளம்பிள்ளை ஊரிலிருக்கும் தன் சேலைக்கடையை ஒருநாள் மறந்துவிட்டு வந்தவளுக்கு எல்லாமே கனவில் நடப்பதுபோல இருந்தது.

இந்த மனிதர் மட்டும் உறுத்தினார்.

அவர் மனைவி சாரதாமணிக்கு வலது காது மட்டும்தான் இன்னும் கொஞ்சம் கேட்கும். அதுவும் சீக்கிரம் போய்விடும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம். அதற்குள் ஆறுமணிக்குருவியின் குரலை ஒரே ஒருதடவை கேட்டுவிட வேண்டும் என்றுதான் அந்த அம்மா வந்திருந்தார். அந்தி சாயும்போது கூவுகிற குருவி அது.

வெயில் மஞ்சளாகித் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. இவர்கள் மூவரைத் தவிர மற்றவர்கள் வேனுக்குத் திரும்பிவிட்டார்கள்.

"நீ இங்கயே உக்காரு சாரதா. நான் அப்படிக்கா ஒரு நடை போய்ட்டு வாரேன்" என்று கந்தவேல் தோப்புப் பக்கம் நழுவினார்.

"ஏனுங்க, அது கூவற நேரத்துல அம்மாவத் தனியா உட்டுட்டுப் போறீங்களே?" என்றாள் ஜெயப்பிரியா.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்படியும் ஒரு புருஷன்!

சற்று நேரத்தில் காற்று நின்றது. தோப்புக்குள்ளிருந்து இரட்டைச் சீட்டியாக ஒரு குரல். மறுபடியும், இன்னும் சத்தமாக.

"அம்மா, கேக்குதுங்களா?"

சாரதாமணி வலது காதைத் தோப்புக்குக் கொடுத்துக் கண்மூடியிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பார்த்த ஜெயப்பிரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இருங்கம்மா, ஐயாவக் கூட்டிட்டு வாரேன். கூட உக்காந்து கேக்கக்கூட அவருக்குக் கொடுப்பினை இல்லை பாருங்க!"

எழுந்தவளின் கையைச் சாரதாமணி இறுகப் பிடித்துக்கொண்டார்.

"போகாதீங்க கண்ணு. அந்தக் குருவியெல்லாம் சித்திரையிலயே வடக்க போயிருச்சுங்க. நான் அப்ப ஆஸ்பத்திரில கெடந்தேன்."

"அப்ப இது?"

"எங்க ஊட்டுக்காரருங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு மூச்சு முட்டச் சீட்டி அடிச்சுக்கிட்டிருக்காரு. வந்ததும் குருவி கூவுச்சான்னு கேப்பாரு. நீங்களும் ஆமாங்கன்னே சொல்லிருங்க."