புதுக் குழல்

ஃபிஜியில், சுவா முகாமின் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவன் மெசாகே. அன்று எகிப்தின் சினாய்ப் பாலைவனத்துக்கு அமைதிகாப்புப் படையில் காவற்பணிக்குப் புறப்படவிருந்த அபிசாய் அவனுடைய தங்கை புருஷன். அபிசாயுடைய துப்பாக்கியின் பழைய குழல் தேய்ந்துபோயிருந்ததால், மெசாகே எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்துப் புதுக் குழல் ஒன்றை எடுத்து மாட்டினான்.

"எழுநூறு டாலர் சாமான், மச்சான். பத்தாயிரம் தோட்டா தாங்கும். அங்க நீ ஈ ஓட்டத்தானே போற? உன் பேரன் காலம் வரைக்கும் உழைக்கும்."

"உன் வாய் அதைவிட உழைக்கும்டா," என்றான் அபிசாய்.

வழக்கப்படி மெசாகே தேய்மானம் பார்க்கும் கம்பியை உள்ளே விட்டான். புதுக் குழலில் முதல் கோட்டிலேயே நிற்க வேண்டிய கம்பி, கடைசிக் கோடுவரை இறங்கிவிட்டது. ஒரு முழுப் போரில் சுட்டுத் தீர்த்த குழலில்தான் அப்படி இறங்கும்.

திகைத்துப்போய், அதைக் கழற்றி வேறொருவன் துப்பாக்கியில் மாட்டிப் பார்த்தான். கம்பி முதல் கோட்டிலேயே நின்றது; குழல் புத்தம் புதிதுதான். இன்னொரு புதுக் குழலைப் பிரித்து அபிசாயின் துப்பாக்கியில் மாட்டினான். கம்பி மறுபடியும் அடிவரை போயிற்று. மெசாகே துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"போகாத மச்சான். என் தங்கச்சி லிட்டியா கைப்பிள்ளையோட வாசல்ல நிக்கிறா. போகாத."

"எழுநூறு டாலர் போச்சேன்னு அழுறியா? கொண்டாடா இங்க!"

அபிசாய் வாரைப் பிடித்து இழுத்துத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டான். சிரித்தபடியே லாரியை நோக்கி நடந்தான்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. குழலின் மேல் விழுந்த ஒவ்வொரு துளியும் சுர்ரென்று ஆவியாகிப் போயிற்று.