கொடிக்காரன்

"மூணாவது தடவையும் திவால்!" மேனேஜர் செல்போனை மேஜையில் போட்டார்.

கூலிப்படை நடத்தும் விளையாட்டு அது. ஆள் எடுத்து, சம்பளம் கொடுத்து, சண்டை போட்டுச் சம்பாதிக்க வேண்டும். அதில் கோடவுன் சூப்பர்வைசரை அடித்துக்கொள்ள ஆபீஸில் ஆளில்லை.

"மைதானத்துல நின்னா எதிரி சுத்தி வளைச்சுடுவான் சார். பாலத்துல நில்லுங்க, ஒவ்வொருத்தனாத்தான் வர முடியும்" என்றாள் அந்தச் சூப்பர்வைசர். "தோத்தவன் கவசத்தைக் கழட்டி நம்ம ஆளுக்கு மாட்டுங்க, செலவு மிச்சம். கொடிக்காரனை மட்டும் வேலையைவிட்டு அனுப்பிடாதீங்க."

"அந்தக் கிழவனையா? ஒரு அடி அடிக்கிறதில்லம்மா, சம்பளம் மட்டும் டபுள்!"

"அவன் நின்னாத்தான் சார் மத்தவன் நிப்பான். அவன் போனா படையே கலைஞ்சிடும்."

மேனேஜர் டிராயரைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மூட்டை தூக்காமல் அதிகச் சம்பளம் வாங்கும் லோடுமேன் மேஸ்திரியை வேலையைவிட்டு நிறுத்தும் கடிதம். கிழித்துப் போட்டார்.

மறுநாள் அவள் வந்ததும் பிடித்துக்கொண்டார். "பாலம் சொன்னீங்க, ஜெயிச்சேன். கவசம் சொன்னீங்க, காசு மிஞ்சிச்சு. உங்க கொடிக்காரன் துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு முதல் ஆளா ஓடிட்டாம்மா!"

"ஓடுவான் சார். அவன் தண்டச் சம்பளம். நான் முதல் நாளே துரத்திட்டேன்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட...?"

"அந்த லெட்டரை டைப் அடிச்சவ என் ஃப்ரெண்டு சார்."

ஜன்னலுக்கு வெளியே மேஸ்திரி ஒரு குரல் கொடுத்தார். இருபது பேர் ஒரே மூச்சாக லாரியை நோக்கி ஓடினார்கள்.

மேனேஜர் எழுந்து நின்று அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.