ஆற்று நீர் கலந்த கடல்

முகத்துவாரத்தில் மூன்று நாள் மழைக்குப் பிறகு வெயில் எறிக்கிறது. களனி ஆறு கலந்த கடல் தேநீர் நிறத்தில் கிடக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கிளின்ரன் தூக்கும் கயிற்றில், மனைவி டெனிஷாவின் அண்ணன் மன்னாரிலிருந்து கயிற்றில் கட்டி வளர்க்க விதையாகக் கொண்டுவந்து கொடுத்த கடற்பாசி வெளுத்து, தொடத் தொட உதிர்கிறது. “ஆத்துத் தண்ணி வந்தா உப்புக் குறைஞ்சிரும்” என்று அவள் அன்றே சொன்னாள். “பேங்க்ல இருக்கிற உனக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்?” என்று அண்ணன் முன்னாலேயே அவன் சிரித்தான். இப்போது அவள் கரையில் குனிந்து, விரலை நனைத்து நாக்கில் வைக்கிறாள். போன் அடிக்கிறது. “ஓம் அண்ணா, பாசி பழுதாப் போச்சு. எங்கட பிழைதான், நாங்க யோசிக்கேல்ல.” கிளின்ரன் கரையேறி வந்து கையை நீட்டுகிறான். அவன் விரல்களில் ஒட்டிய பாசியைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு அவள் போனைக் கொடுக்கிறாள். “மச்சான், என்ட பிழைதான்” என்கிறான்.