ஐந்தாவது கட்டம்

“அப்ப வரைபடத்துல அந்தக் கோட்டைப் போட்டது யாருன்னு உங்களுக்கே தெரியாது?”

“கோப்புல பேர் இல்லைன்னுதான் சொன்னேன்,” என்றாள் ப்ரைடி. கவுன்சில் அலுவலகத்தின் கட்டட அனுமதிப் பிரிவில், காட்டுத்தீக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள் அவள்.

எதிரே நின்றவருக்கு எழுபது வயதிருக்கும். கம்பளிச் சட்டை தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கியது. ஜனவரித் தீக்குப் பிறகு மரிண்டா ஊரில் பாதிப் பேர் நிவாரண முகாமில் கிடைத்த அடுத்தவர் துணியில்தான் நடமாடினார்கள். அளவைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்க ஊரே பழகியிருந்தது.

மைதானத் தெருவில் ஏழு வீடுகள் எரிந்துபோயின. ஒன்பதாம் எண்ணிலிருந்து கெர்ரிகன் தம்பதி வெளியே வரவே இல்லை. விசாரணைக் குழுவுக்கு மனுக் கொடுக்க இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. சுவர்க் கடிகாரத்தில் நாலே முக்கால்.

உங்கள் வீடு எந்த எண் என்று ப்ரைடி கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அவள் அலமாரியின் கடைசி இழுப்பறையைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை.

“கொஞ்சம் தூக்கி இழுக்கணும்மா.”

தூக்கி இழுத்ததும் வந்துவிட்டது. இந்த நாலு மாதத்தில் பாவம் எத்தனை தடவை அலைந்தாரோ என்று நினைத்துக்கொண்டாள்.

வரைபடத்தில் சிவப்பு என்றால் தீ அபாயப் பகுதி. அங்கே சாதாரண வீடு கட்ட முடியாது. அந்தச் சிவப்பு காட்டிலிருந்து சரிவில் இறங்கி வந்து, ஃபுட்டி என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து மைதானத்தின் விளிம்பில் நின்றுவிட்டது. மைதானத்துக்கு இந்தப் பக்கம் இருந்த தெரு வெள்ளை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு யாரோ மைதானத்தை ‘வெட்டிய புல்’ என்று குறித்திருந்தார்கள். வெட்டிய புல்லைத் தாண்டித் தீ வராது என்பது விதி.

“அப்ப அது வெட்டின புல்தான்,” என்றார் அவர். “குளிருக்கு ஃபுட்டி, வெயிலுக்கு கிரிக்கெட். கிளப் ஆளுங்க வருஷம் பூரா வெட்டுவாங்க. இந்த ஊர்ல பேங்க் மூடலாம், சர்ச் மூடலாம். கிளப் மூடும்னு யாருக்குத் தோணும்?”

மூடித்தான் போனது. களத்தில் இறக்கப் பதினெட்டுப் பேர் தேறாமல், ஆறு வருடத்துக்கு முன்பு பக்கத்து ஊர் கிளப்போடு சேர்த்துவிட்டார்கள். கோல் கம்பங்கள் நின்றன. புல் இடுப்புவரை வளர்ந்தது. வரைபடத்தில் மட்டும் யாரோ இன்னும் அதை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

வரிசையில் பின்னால், நாய்க்குப் பதிவு வில்லை வாங்க வந்திருந்த வெளியூர்க்காரர் கொட்டாவி விட்டார். “விசாரணை முடியட்டும் பாருங்க. கடைசியில தீயைத் தள்ளிட்டு வந்த வடக்குக் காத்துக்குத்தான் நோட்டீஸ் அனுப்புவாங்க.”

அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை. மாநில அரசின் விதிப்படிதான் செய்தோம் என்றது கவுன்சில். இடத்தைப் போய்ப் பார்த்தது கவுன்சில் ஆள்தானே என்றது மாநில அரசு. தனிப்பட்ட எவர் மீதும் தவறில்லை என்று குழுவின் வரைவு அறிக்கையே சொல்லிவிட்டது.

“அதே இடத்துல மறுபடியும் கட்ட விடுவீங்களா?” என்று கேட்டார் முதியவர்.

ப்ரைடியின் பார்வை தன் மேஜைக்குப் போனது. பதினோராம் எண்ணின் கட்டட மனு எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. கைக்குழந்தையோடு கேரவனில் குடியிருக்கும் தம்பதி. நாளைக் காலை முத்திரை வைக்க வேண்டும்.

“எனக்கும் மனசு ஒப்பல,” என்றாள், குரலைத் தாழ்த்தி. “ஆனா அந்த இடம் வெள்ளையா இருக்கு. மறுக்க எனக்கு அதிகாரமில்ல. கோடு போட்டவரே வந்து தப்புன்னு சொன்னாத்தான் மறுபடி அளப்பாங்க. பேரே இல்லாதப்ப யாரைக் கூப்பிடறது?”

கொடுக்க அவளிடம் இருந்தது மனுப் படிவம் ஒன்றுதான். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். ‘உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பு’ என்பதன் கீழே நான்கு கட்டங்கள்: வீட்டை இழந்தவர், உறவினரை இழந்தவர், காயமடைந்தவர், அண்டை வீட்டார். பென்சில் எதிலும் இறங்கவில்லை.

அவள் முதல் கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். “வீடுதானே?”

“என் வீட்டுக்கு ஒண்ணும் ஆகல. ரிட்டயர் ஆனதும் கடலோரம் போயிட்டேன்.”

அப்படியானால் அந்தச் சட்டை அவருடையதேதான்; இளைத்தது உடம்புதான். கெர்ரிகன் தம்பதி சொந்தமா என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தார். பாதிக்கப்பட்டவர்களின் மனுவை மட்டும்தான் குழு வாங்கும், இந்தப் படிவத்தில் உங்களுக்கு இடமில்லையே என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வெளிக் கதவைப் பூட்ட வந்த காவலாளி சாவிக்கொத்தோடு நின்றார்.

முதியவர் நான்கு கட்டங்களுக்கும் கீழே ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்தார். அளவுகோல் இல்லாமலே கோடுகள் நேராக விழுந்தன. அதற்குள் ஒரு குறி போட்டு, பக்கத்தில் டெஸ் வின்டர்டன் என்று தன் பெயரை எழுதி, படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“அந்தக் கோட்டைப் போட்டது நான்தாம்மா. தப்புன்னு எழுதிக்கிறீங்களா?”