நின்ற இடத்தில் ஓடிய சைக்கிள்

தையல் கம்பெனியில் வேலை முடிந்து இரவில் உப்பளத்துச் சாலையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள் ஜெபக்கனி. நடுச்சாலையில் ஒருவர் கிடப்பது, சக்கரம் முட்டப்போன பிறகுதான் தெரிந்தது. மலைக்கு மாலை போட்டவர். கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டி. ஏதோ வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. அவரைத் தூக்கப் பார்த்தாள். கால் முறிந்திருந்ததால் அலறினார். அவருடைய போன் நொறுங்கிக் கிடந்தது. அவளிடம் போன் இல்லை.

சைக்கிள் நின்றதும் டைனமோ விளக்கும் அணைந்துவிட்டது. இருட்டில் அவரையும் காணோம், அவளையும் காணோம். அவள் சைக்கிளை அவருடைய தலைமாட்டில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, குந்தி உட்கார்ந்து பெடலைக் கையால் சுற்றினாள். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே ஓட, விளக்கு எரிந்தது.

"என்னம்மா செய்யுதீங்க?"

"யாராவது நம்மளப் பாக்கணும்லா, சாமி."

அவர் முனகலை நிறுத்திவிட்டுச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரிச் சத்தம் கேட்டது. ஆனால் அது விளக்குக்குப் பின்பக்கமிருந்து வந்தது. அவள் பதறி எழுந்து சைக்கிளைத் தூக்கித் திருப்பினாள். சக்கரம் நின்று மறுபடியும் இருண்டது. அவள் குனிவதற்குள், தரையோடு தரையாக ஒரு கை நீண்டு வந்து பெடலைப் பிடித்துச் சுற்றியது. வெளிச்சம் சாலையில் பாய்ந்தது. லாரி பிரேக் கிறீச்சிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றது.

டிரைவர் இறங்கி ஓடிவந்தார்.

"போதும் சாமி, கைய எடுங்க" என்றாள் ஜெபக்கனி.

அவர் எடுக்கவில்லை. "சைக்கிள அந்தப் பக்கம் திருப்புங்கம்மா. அங்கயிருந்தும் யாராச்சும் வருவாங்க" என்றார்.